ஆவி பறக்கும் காதல்: மூன்று மாதச் சந்தாவின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படங்களுக்கு ஐந்துக்கு ஐந்து, அவற்றை அடுக்கி வைத்திருக்கும் லட்சணத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை. கூட்டி வகுத்தால் மூன்றே கால் வருகிறது. அந்தக் காலை சப்டைட்டிலுக்காகப் பிடித்துக்கொண்டேன், காரணம் கீழே வரும். ஆக மூன்று.

எந்த ஓடிடி என்று சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லித் திட்டினாலும் அது விளம்பரம்தான். பழைய படங்கள், பல நாட்டுப் படங்கள் வைத்திருக்கும் சின்னக் கடை, மூன்று மாதத்துக்கு 599 ரூபாய், அவ்வளவு தெரிந்தால் போதும். கல்லூரி நண்பன் ஒருவன்தான் பிடித்துக் கொடுத்தான். "அமெரிக்கக் கறுப்பின சினிமாவுக்குன்னே தனி வரிசை வச்சிருக்கான்டா, ஊமைப்படத்துல இருந்து ஆரம்பிக்குது, நீதான் கேட்டுக்கிட்டே இருப்பியே" என்றான். கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். காதல், காமம் என்று வரும்போது கறுப்பின ஆணையும் பெண்ணையும் ஹாலிவுட் எப்படிக் காட்டியது என்பதை வருஷவாரியாக ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. பெங்களூரில் வேலை பார்த்தபோது நான் குடியிருந்த வீட்டின் மாடி போர்ஷனைக் கேட்டு ஒரு ஆப்பிரிக்க மாணவர் வந்தார். சட்டையை இன் பண்ணி, கையில் ஃபைலோடு, வங்கிக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி நின்றார். ஓனர் "ஏற்கனவே ஆள் வந்துட்டாங்க" என்று கதவைச் சாத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "வயசுப் பொண்ணுங்க இருக்கிற வீடு சார், இவங்களைப் பத்தித்தான் தெரியுமே" என்றார். என்ன தெரியும்? அந்த மனிதர் அதற்கு முன் ஒரு கறுப்பினத்தவரிடம் நின்று ஐந்து நிமிஷம் பேசியது கிடையாது, அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அவர் பார்த்ததெல்லாம் கேபிள் டிவியில் ஓடிய படங்கள். அந்தப் பயம் எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று பார்க்கத்தான் இந்த 599.

சரி, ஆப்பைத் திறந்தேன். வரிசையின் முதல் ஏழெட்டுப் படங்களுக்குக் கீழே 'ஆவி பறக்கும்' என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. இட்லிக் கடை போர்டு மாதிரி. இங்கிலீஷில் ஸ்டீமி என்று இருந்ததை எந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கியிருக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. வெள்ளையர்கள் காதலிக்கும் படங்கள் இருக்கிற வரிசைக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே 'மென்மையான', 'மனதைத் தொடும்', 'மழைநாளுக்கு ஏற்ற'. இங்கே கறுப்பினத்தவர் காதலித்தால் ஆவி பறக்கிறது! 2000இல் வந்த 'லவ் அண்ட் பாஸ்கெட்பால்' என்று ஒரு படம், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த ஒரு பையனும் பெண்ணும் கூடைப்பந்தும் காதலுமாகப் பெரியவர்கள் ஆகும் கதை, ஜீனா பிரின்ஸ்-பைத்வுட் என்ற பெண் இயக்குநர் எடுத்தது, அத்தனை மெதுவான, அத்தனை பதவிசான படம். என் கணக்கில் அதற்குப் போட்டிருந்த முகப்புப் படம் வேர்வை வழியும் ஒரு ஆணின் வெற்று முதுகு. தலை கிடையாது. என் மனைவியின் கணக்கில் அதே படத்துக்கு அந்தப் பெண் சிரிக்கும் முகம். ஆளுக்குத் தகுந்தபடி போஸ்டர் மாற்றுகிறார்களாம். என்னை என்னவென்று நினைத்தார்களோ தெரியவில்லை.

இது இந்தக் கடையின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் மீதே இப்படி ஒரு புகார் கிளம்பியது: வெள்ளையர்கள் முக்கிய வேடத்தில் இருக்கும் படங்களுக்கு, அதில் இரண்டு காட்சி வந்துபோகும் கறுப்பின நடிகர்களின் முகத்தை முன்னால் போட்டு, கறுப்பினப் பார்வையாளர்களை இழுக்கிறார்கள் என்று. நாங்கள் யாரிடமும் இனம் கேட்பதில்லை, பார்க்கும் பழக்கத்தை வைத்துத்தான் படம் மாறுகிறது என்று நிறுவனம் பதில் சொன்னது. இருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எந்திரம் கேட்காது, நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி படங்கள்.

1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வரிசையில் இருக்கிறது. டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த மூன்று மணி நேர ஊமைப்படம். சினிமா இலக்கணம் படிக்கிறவர்கள் எல்லாரும் இதைத் தொடாமல் போக முடியாது என்பார்கள், நானும் பேரைக் கேள்விப்பட்டு வைத்திருந்தேனே தவிர உட்கார்ந்து பார்த்தது இப்போதுதான். கஸ் என்று ஒரு பாத்திரம், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு ராணுவத்தில் சேர்ந்தவன். நடித்திருப்பவர் வால்டர் லாங் என்ற வெள்ளைக்காரர், முகத்தில் கரி. காட்டுக்குள் தண்ணீர் மொள்ளப் போகும் வெள்ளைக்காரப் பெண்ணின் பின்னால் போகிறான். நான் ரிமோட்டைப் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், ஒன்று கவனித்தேன்: அவன் அவளிடம் வாய்விட்டுக் கேட்பது கல்யாணம். நான் இப்போது கேப்டன், கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்கிறான். அவள் ஓடுகிறாள், அவன் துரத்துகிறான், அவள் பாறை உச்சியிலிருந்து குதித்துச் சாகிறாள். அப்புறம் வெள்ளை அங்கிக்காரர்கள் குதிரையில் வந்து அவனைக் கொன்று பிணத்தை ஒரு வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்கள். படத்துக்கு அவர்கள்தான் ஹீரோ. கறுப்பன் ஆசைப்பட்டாலே அது பலாத்காரம், அதற்குத் தண்டனை சாவு, இந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்து எடுத்த காட்சி. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி வுட்ரோ வில்சனுக்கே போட்டுக் காட்டினார்கள். அதே 1915இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுன்டன் மலைமேல், அந்த வெள்ளை அங்கிக்காரர்களின் கூட்டமான கூ க்ளக்ஸ் கிளான் மறுபடி தொடங்கப்பட்டது. பிற்பாடு ஆள் சேர்க்கவே இந்தப் படத்தைப் பயன்படுத்தினார்கள்.

இது பொய் என்று அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே ஒரு பெண் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். மெம்ஃபிஸ் நகரத்துப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ். 1892இல் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் கூட இருந்த இருவரையும் கும்பல் இழுத்துப் போய்க் கொன்றது. அவர்கள் செய்த குற்றம் மளிகைக் கடை நடத்தியது, அதுவும் எதிரில் இருந்த வெள்ளைக்காரர் கடையின் வியாபாரத்தைக் குறைக்கும் அளவுக்கு நன்றாக நடத்தியது. அதன்பிறகு வெல்ஸ் இப்படிப்பட்ட கொலைகளை ஒவ்வொன்றாக விசாரித்தார், பெண்ணைக் கெடுத்தான் என்ற குற்றச்சாட்டு பல இடங்களில் வெறும் சாக்கு, பின்னால் இருப்பது காசு, பகை, இல்லையென்றால் இரண்டு பேரும் விரும்பிப் பழகியது என்று எழுதினார். அவர் பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். அவர் ஊரில் இல்லாததால் உயிர் தப்பினார். இந்த விவரத்தில் ஒரு வரியாவது படத்துக்குக் கீழே குறிப்பாகப் போட்டிருக்கலாம். ஓடிடியில் போட்டிருப்பது என்ன தெரியுமா? 'வன்முறைக் காட்சிகள், புகைபிடித்தல்'. புகைபிடித்தல்!

கடைக்காரர்மேல் என் பெரிய கோபமே இங்கேதான். கிரிஃபித் படத்துக்குச் சுடச்சுட பதில் சொன்ன படம் இவர்களிடமே இருக்கிறது. ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 1920இல் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்'. பக்கத்தில் வைக்க வேண்டாமா? நாற்பது படம் தள்ளி, 'நாடகம்' என்ற தலைப்புக்குக் கீழே, மங்கலான ஒரு சதுரமாகக் கிடக்கிறது. நான் தேடித் தேடித்தான் கண்டுபிடித்தேன். அந்தப் படம் கிடைத்ததே ஒரு அதிசயம், அமெரிக்காவில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை, 1970களில் ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒரு பிரதி அகப்பட்டு, 1993இல்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சீர்செய்தது. மிஷோ செய்த வேலை எளிமையானது, அதனால்தான் அடிவயிற்றில் இறங்குகிறது. அதே துரத்தல், அதே வெட்டி வெட்டி ஒட்டும் உத்தி, ஆள்தான் மாறுகிறான். வீட்டுக்குள் புகுந்து சில்வியா என்ற கறுப்பினப் பெண்ணைப் பாய்ந்து பிடிப்பவன் வெள்ளைக்காரன், அதே நேரம் வெளியே அவளை வளர்த்த அப்பா அம்மாவைக் கும்பல் தூக்கில் போடுகிறது. மேசையைச் சுற்றி அவள் போராடும்போது அவள் மார்பில் இருக்கும் தழும்பைப் பார்த்து அவன் நின்றுவிடுகிறான். தன் சொந்த மகள். அடிமைக் காலம் முழுக்க எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் பலாத்காரம் நடந்தது என்பதை ஒரு தழும்பில் சொல்லிவிட்டார் மனுஷன். எவலின் ப்ரீயர் நடிப்பு அந்தக் காலத்து ஊமைப்படங்களின் மிகை இல்லாமல் இருக்கிறது, அவருக்காக ஒருமுறை, தழும்புக்காக ஒருமுறை என்று இரண்டு தடவை பார்த்தேன்.

அடுத்த முப்பது வருஷம் வேறு மாதிரி. ஹாலிவுட் தனக்குத்தானே ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டது, 1934 முதல் கறாராக அமல்படுத்தியது, அதில் கறுப்பர் வெள்ளையர் உறவைக் காட்டவே கூடாது என்று தனியாக ஒரு வரி. இந்த விதி எவ்வளவு கிறுக்குத்தனம் என்று தெரிய வேண்டுமானால், அது இறுகுவதற்கு முந்தின வருஷமே வந்த 'தி எம்பரர் ஜோன்ஸ்' பாருங்கள். கறுப்பின நடிகர் பால் ராப்சனுக்கு ஜோடியாக வரும் ஃப்ரெடி வாஷிங்டன் கறுப்பினப் பெண்தான், ஆனால் வெளுத்த நிறம். ராப்சன் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிப்பிடிப்பதாக யாராவது நினைத்துவிடப் போகிறார்கள் என்று பயந்து அவருக்குக் கறுப்பு மேக்கப் போட்டு மறுபடி படம் எடுத்தார்கள். கறுப்பினப் பெண்ணுக்குக் கறுப்புச் சாயம்! 1949இல் 'பிங்கி' வருகிறது, வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை, அவளுக்கு ஒரு வெள்ளைக்காரக் காதலன். எனவே அந்த வேடத்தில் ஜீன் க்ரெய்ன் என்ற வெள்ளை நடிகை. முத்தம் கொடுக்கும் இரண்டு உதடும் வெள்ளையாக இருந்தால் விதிமீறல் இல்லையாம். நம்மூரில் கதைப்படி கறுத்த பெண்ணாக நடிக்கச் சிவந்த நடிகைக்கு மை பூசுவார்களே, அந்த வகையறா புத்திதான், ஆனால் இங்கே அதற்குப் பின்னால் சட்டப் புத்தகமும் துப்பாக்கியும் இருந்தன.

சிட்னி பாய்ட்டியர் பகுதிக்கு வந்தபோது என் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். 1967இல் வந்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்'. வெள்ளைக்காரப் பெண் கறுப்பினக் காதலனை வீட்டுக்கு அழைத்து வருகிறாள், அப்பா அம்மா சம்மதிப்பார்களா என்பதுதான் முழுப்படமும். மாப்பிள்ளையாக வரும் பாய்ட்டியர் டாக்டர், உலக சுகாதார நிறுவனத்தில் பெரிய வேலை, நல்ல பேர், மனைவியையும் குழந்தையையும் விபத்தில் இழந்தவர். மனைவி பத்தாவது நிமிஷத்திலேயே கேட்டாள், "இவ்வளவு நல்ல மாப்பிள்ளை மேட்ரிமோனியில கூடக் கிடைக்க மாட்டானே, இதுக்கு மேல என்ன வேணுமாம்?" அதேதான் விஷயம். படத்தில் அந்தப் பெண் அம்மாவிடம் சொல்லும் ஒரு இடம் இருக்கிறது: எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை, எனக்கு மறுப்பில்லை, அவர்தான் வேண்டாம் என்றுவிட்டார். முன்னால் கஸ், ஆசை மட்டுமே உள்ள மிருகம். இப்போது டாக்டர், ஆசையே காட்டாத ரிஷி. படம் முழுக்க அவர்கள் இருவரும் முத்தமிடுவது ஒரே ஒருமுறை, அதுவும் டாக்சி டிரைவரின் கண்ணாடியில் சின்னதாகத் தெரியும்.

ஆனாலும் பாய்ட்டியரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்த வருஷம் ஜூன் மாதம்தான் லவ்விங் என்ற தம்பதியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதுவரை பதினாறு மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வதே குற்றம். அலபாமா மாநிலம் அந்தத் தடையைத் தன் அரசியல் சாசனத்திலிருந்து எடுத்தது 2000இல்! படம் அதே 1967 டிசம்பரில் வந்தது. அதற்கு முன்பே, செப்டம்பரில், கிளிஃபர்ட் மேசன் என்ற நாடக ஆசிரியர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையின் தலைப்பே வெள்ளை அமெரிக்காவுக்கு ஏன் சிட்னி பாய்ட்டியரை இவ்வளவு பிடிக்கிறது என்பதுதான். கறுப்பின மக்களிடமிருந்தே அந்தக் கேள்வி வந்தது. பாய்ட்டியருக்கு அது வலித்திருக்கும். அவர் கண்களைப் பாருங்கள், அந்தத் தகப்பனிடம் பேசும் காட்சியில், உள்ளே ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரியும்.

பல்லைக் கடித்தது போதும் என்று 1971இல் மெல்வின் வான் பீபிள்ஸ் வந்தார். 'ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பாடாஸ் சாங்'. எழுத்து, இயக்கம், எடிட்டிங், இசை, நடிப்பு எல்லாம் அவரே. தணிக்கையில் எக்ஸ் (வயது வந்தவர்களுக்கு மட்டும்) கொடுத்ததும், முழுக்க வெள்ளையர்களே இருந்த குழு எக்ஸ் கொடுத்த படம் என்று அதையே விளம்பரமாக்கினார். முதலில் திரையிட்டவை டெட்ராய்ட்டிலும் அட்லாண்டாவிலும் இரண்டே இரண்டு தியேட்டர்கள், பிறகு கோடி கோடியாக வசூல். கதாநாயகனுக்குப் படுக்கையும் ஓட்டமும்தான் ஆயுதம், போலீஸிடமிருந்து கடைசிவரை தப்பிவிடுகிறான், கறுப்பின ஹீரோ கடைசியில் சாகாமல் இருப்பதே அன்றைக்குப் புரட்சி. பிளாக் பாந்தர் என்ற கறுப்பின விடுதலைக் கட்சியின் தலைவர் ஹியூயி நியூட்டன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். எபனி பத்திரிகையில் லெரோன் பென்னட் கிழித்துத் தொங்கவிட்டார், படுக்கையறை வழியாக யாரும் விடுதலைக்குப் போய்ச் சேர்ந்தது கிடையாது என்பது அவர் வாதம். நான் பென்னட் கட்சி. வெள்ளையர்கள் பயந்து பயந்து கற்பனை செய்த அதே ஆளை எடுத்து, இதோ நான்தான் அது, என்ன செய்வாய் என்று நெஞ்சை நிமிர்த்தினால் ஒரு நாள் நன்றாக இருக்கும். மறுநாள் பார்த்தால் பொம்மை அதே பொம்மைதான், சாவி கொடுப்பவன் மட்டும் வேறு. அடுத்த வருஷமே ஸ்டூடியோக்கள் இதே பாணியில் வரிசையாக இறக்கின. 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற பெயரை வைத்தவரே அதை எதிர்த்தவர்தான், ஹாலிவுட்டில் என்ஏஏசிபி என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தின் கிளைக்குத் தலைவராக இருந்த ஜூனியஸ் கிரிஃபின். ஒன்று சொல்ல வேண்டும், இந்த வரிசையில் பாட்டு மட்டும் சோடை போகவே இல்லை, ஐசக் ஹேய்ஸ் இசைக்காகவே 'ஷாஃப்ட்' படத்தின் முதல் ஐந்து நிமிஷத்தை நான்கு தடவை போட்டேன்.

பெண்கள் கதை இன்னும் சிக்கல். ஆணுக்கு மிருகம், ரிஷி என்று இரண்டு அச்சு என்றால் பெண்ணுக்கும் இரண்டு: சமையற்கட்டில் எல்லாரையும் வளர்த்துக்கொண்டு தனக்கென்று ஆசையே இல்லாத குண்டம்மா, அல்லது ஆசையைத் தவிர வேறு எதுவுமே இல்லாத மோகினி. முதல் அச்சில் ஹாட்டி மெக்டானியல் 1940இல் ஆஸ்கர் வாங்கினார், கறுப்பினத்தவர் வாங்கிய முதல் ஆஸ்கர். விருது விழாவில் அவரை ஓரமாகத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது அச்சு சினிமாவைவிடப் பழசு. தென்னாப்பிரிக்காவிலிருந்து சாரா பார்ட்மன் என்ற பெண்ணை 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய், அவர் உடம்பின் பின்புறத்தைக் காட்டுவதற்குக் காசு வாங்கினார்கள். 1815இல் பாரிஸில் செத்த பிறகும் விடவில்லை, குவியே என்ற பெரிய விஞ்ஞானி உடம்பை அறுத்தார், எலும்புக்கூடும் உடம்பின் வார்ப்பும் 1970கள்வரை மியூசியத்தில் காட்சிக்கு இருந்தன. 2002இல்தான் ஊர் திரும்பி அடக்கமானார். அதே 2002இல் ஹாலி பெர்ரி சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார், அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண். படம் 'மான்ஸ்டர்ஸ் பால்'. அந்த வேடத்தை முன்பே வேண்டாம் என்றவர் ஏஞ்சலா பாசெட், கறுப்பினப் பெண்ணையும் காமத்தையும் பற்றிய அதே பழைய அச்சு இது என்று பேட்டியில் காரணமும் சொன்னார். நான் அந்தப் படத்தை இப்போது மறுபடி பார்த்தேன். பெர்ரி நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீளமான படுக்கைக் காட்சியில் கேமரா அவரோடு இருக்கிறதா, அவரைப் பார்க்கிறதா என்று கேட்டால், எனக்கு இரண்டாவதுதான் தோன்றியது. இரண்டு பேரும் துக்கத்தில் இருக்கிறார்கள், கேமரா துக்கத்தில் இல்லை.

பாம் க்ரியர் படங்கள் இருக்கின்றன, 'காஃபி' (1973) பாருங்கள், நர்ஸாக வந்து துப்பாக்கியால் கணக்குத் தீர்ப்பார், ரசிப்பதா நெளிவதா என்று ஒரு காட்சி விட்டு ஒரு காட்சி தோன்றும். ஸ்பைக் லீயின் 1986 படத்தையும் பார்த்தேன், அதில் ஒரு பெண் மூன்று காதலர்களோடு வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறாள், அடடா என்று உட்கார்ந்தால் பாதிக்குமேல் ஒரு பலாத்காரக் காட்சியை வைத்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் அவரே அதற்கு வருத்தப்பட்டார்.

இந்த மூன்று மாதத்தில் எனக்கு நிஜமாகவே காசு திரும்பியது 'மூன்லைட்' பார்த்த ராத்திரி. 2016, பாரி ஜென்கின்ஸ். மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் வளரும் ஷைரோன் என்ற பையன் மூன்று வயதுகளில். கடைசிப் பகுதியில் அவன் பெரிய ஆள், கட்டுமஸ்தான உடம்பு, பல்லில் தங்க மூடி, கையில் போதை வியாபாரம். நூறு வருஷமாக ஹாலிவுட் பயமுறுத்திய அதே உருவம்தான், வேண்டுமென்றே அப்படியே செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவன் சின்ன வயதுத் தோழன் கெவின் இப்போது ஒரு சின்ன ஓட்டலில் சமையல். பல வருஷம் கழித்து இவன் வந்து நிற்கிறான். அவன் சமைத்துப் போடுகிறான். சோறு, கறுப்பு பீன்ஸ், கோழி. சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்த்து, கிண்ணத்தை மெதுவாக எடுத்து, மேலே கொத்தமல்லி தூவும் அந்தச் சில விநாடிகள் இருக்கிறதே, அந்த வரிசையில் இருக்கும் அத்தனை 'ஆவி பறக்கும்' படங்களையும் கூட்டினாலும் இதில் பாதி தேறாது. இங்கே நிஜமாகவே ஆவி பறக்கிறது, சோற்றிலிருந்து. அத்தனை பெரிய உடம்புக்காரன் சாப்பிடுவதற்கு முன்னால் பல்லிலிருந்து தங்க மூடியைக் கழற்றி வைக்கிறான். அப்புறம் வீட்டில், உன்னைத் தவிர யாரும் என்னைத் தொட்டதே இல்லை என்கிறான். அவ்வளவுதான், தோளில் தலை சாய்வதோடு முடிகிறது. நான் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் படத்துக்கும் என் கணக்கில் சட்டையில்லாத முதுகுதான் போஸ்டர்.

இனி பிடுங்கிய கால் மதிப்பெண். தமிழ் சப்டைட்டில் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டார்கள். இருக்கிறது, எந்திரம் செய்தது. அன்பாக 'பேபி' என்று அழைக்கும் இடமெல்லாம் 'குழந்தையே'. ஒரு படுக்கையறைக் காட்சியில் 'குழந்தையே, மெதுவாக' என்று வந்ததும் மனைவி எழுந்து போய்விட்டாள். டப்பிங் அதைவிட மோசம். நாலைந்து புதுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பாத்திரங்கள் நல்ல தமிழ் பேச, கறுப்பினப் பாத்திரம் வக்கீலாக இருந்தாலும் சரி, வாத்தியாராக இருந்தாலும் சரி, "இன்னா நைனா" என்று வடசென்னை பாஷை பேசுகிறது. அதுவும் கேலிக்காக இழுத்துப் பேசுகிற வடசென்னை. ஒரே குரலில் அமெரிக்கக் கறுப்பரையும் வியாசர்பாடிக்காரரையும் சேர்த்து மட்டம் தட்டும் திறமை நமக்குத்தான் வரும். இங்கிலீஷ் ஆடியோ, இங்கிலீஷ் சப்டைட்டில் வைத்துப் பாருங்கள், தப்பிக்கலாம்.

மற்றபடி ஆப் பரவாயில்லை. பழைய டிவியில் திக்குகிறது, போனில் நன்றாக ஓடுகிறது. பழைய படங்களின் பிரதித் தரம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்க்கலாம். சந்தாவை நிறுத்தும் பட்டனை மூன்று பக்கம் தள்ளி ஒளித்து வைத்திருக்கிறார்கள், 'கணக்கு' உள்ளே போய் 'திட்டம்' உள்ளே போனால் அடியில் சாம்பல் நிறத்தில் இருக்கும். குறிச்சொல் பற்றி இரண்டு முறை மெயில் போட்டேன். முதல் மெயிலுக்கு உங்கள் கருத்துக்கு நன்றி என்றார்கள். இரண்டாவதற்கு, இந்தக் குறிச்சொல் உங்களுக்குப் பிடிக்கலாம் என்று இன்னும் ஆறு 'ஆவி பறக்கும்' படங்களை அனுப்பினார்கள். நான் புதுப்பித்துவிட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், மிஷோவின் மற்றப் படங்கள் மிச்சம் இருக்கின்றன.

வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் வரிசையின் ஆகக் கடைசிக்குப் போங்கள், விரல் வலிக்கும்வரை தள்ளுங்கள். போஸ்டரே இல்லாமல் வெறும் சாம்பல் சதுரமாக ஒன்று இருக்கும். 'சம்திங் குட்: நீக்ரோ கிஸ்', 1898. அரை நிமிஷம்கூடக் கிடையாது. சிகாகோவில் வில்லியம் செலிக் எடுத்தது. செயின்ட் சட்டில், கெர்ட்டி பிரவுன் என்ற இரண்டு மேடைக் கலைஞர்கள். அவன் கோட்டும் போ டையுமாக, அவள் நல்ல கவுனில். முத்தம் கொடுக்கிறார்கள், விலகுகிறார்கள், கையைக் கோத்து வீசிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், திரும்பவும் முத்தம், அவள் போதும் போதும் என்பது மாதிரி பின்னால் சாய்ந்து மறுபடி சிரிக்கிறாள். மிருகமும் இல்லை, ரிஷியும் இல்லை. கிரிஃபித் படத்துக்குப் பதினேழு வருஷம் முன்னால், எல்லாம் கெடுவதற்கு முன்னாலேயே, இது இருந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, ஒரு பழைய ஃபிலிம் கட்டோடு தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்து, யார் இவர்கள் என்று ஆராய்ந்து கண்டுபிடித்து, 2018இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

போனில் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "புதுசா கல்யாணம் ஆனவங்களா?" என்று கேட்டாள். தெரியலைம்மா என்றேன். இன்னொரு தடவை போடு என்றாள்.

ஒன்று மறந்துவிட்டேன், அந்தத் துண்டுக்கு ஒலி கிடையாது, ஊமைப்படம். சத்தம் வரவில்லை என்று ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள், நான் தட்டினேன்.